விற்பனைக்குரிய பருவங்கள்: உரிம வணிகமும் பருவகால ஓவியமும் பற்றி ஒரு நோக்கு

1

பருவம் என்பது தமிழிலக்கிய மாணவருக்குப் புதிய பொருளன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட தொல்காப்பியம், அவற்றின்மேல் எழும் கருப்பொருள்களுள் தெய்வத்தோடும் உணவோடும் தொழிலையும் ஒருங்கு வைத்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் பெரும்பொழுதுகள் அவ்வமைப்பில் வெறும் பின்னணிக் காட்சிகளாக நிற்கவில்லை. எந்நிலத்து மக்கள் எத்தொழில் செய்து எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவோடு அவை பிணைந்திருந்தன. பருவத்தைப் பாடுதல், அப்பருவத்திலே நிகழும் உழைப்பையும் அதன்வழிப்பட்ட மனித உறவுகளையும் தொட்டுச் செல்லுதலாகவே அமைந்தது.

இவ்வடிப்படையை மனத்திற்கொண்டு, முற்றிலும் வேறானதொரு சமூகத்திலே தோன்றிய ஒரு கலையுற்பத்தியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஐக்கிய அமெரிக்காவிலே பருவத்தையே முதன்மைப் பொருளாகக் கொண்ட ஓவிய வணிகம் ஒன்று பெருவளர்ச்சி கண்டுள்ளது. நத்தாருக்குப் பனிமனிதனும் பனியிலமர்ந்த செந்நிறப் பறவையும், இலையுதிர்காலத்துக்குப் பூசணிக்காயும் செந்நிறக் களஞ்சியக் கொட்டிலும், வசந்தத்துக்கு முயலும் முட்டையும், ஜூலை நான்காம் நாளுக்குக் கொடியும் என ஆண்டு முழுவதும் வரையப்படும் இவ்வோவியங்கள் வாழ்த்து மடல், கலண்டர், பீங்கான் தட்டு, கோப்பை, மேசைவிரிப்பு, தலையணை உறை ஆகியவற்றிற் பதிக்கப்பட்டு விற்பனையாகின்றன. ஓவியர் ஓவியத்தை விற்பதில்லை. அதனைப் படியெடுத்துப் பண்டங்களிற் பதிக்கும் உரிமையை மட்டும் குறித்த காலத்துக்கு, குறித்த பண்டங்களுக்கு, குறித்த நாடுகளுக்கு என வரையறுத்து வழங்குகிறார். உரிம வணிகம் எனப்படுவது இதுவே.

இவ்வோவியங்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனினும் அருங்காட்சியகத்துட் கால்வைக்காத கோடிக்கணக்கான மக்கள் ஓவியம் என அறிந்திருப்பது இவற்றையே. மக்களின் கலையனுபவம் பற்றி அக்கறை கொள்ளும் முற்போக்குத் திறனாய்வு இதனை ஒதுக்கிவிட முடியாது.

2

உற்பத்தி முறையிலிருந்து தொடங்குவோம். இத்துறையில் ஈடுபடுவோர் பலர் வீட்டிலிருந்தே வரைபவர்கள். அவர்களுட் பெண்கள் பலர். ஓவியர் ஒரு நத்தார்த் தொகுதியை வரைந்து, அதனை நேரடியாகவோ முகவர் வழியாகவோ பண்ட உற்பத்தியாளருக்குக் காட்டுகிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஒப்பந்தம் எழுதப்படும். சில வேளைகளில் ஒரு முற்பணம் கிடைக்கும். அதற்குப்பின் றோயல்ரி எனப்படும் உரிமைத்தொகை மொத்தவிற்பனை விலையில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படும். பெரும்பாலும் அது 3 முதல் 10 சதவீதம் வரையில் அமையும். முகவர் இருப்பின் அதில் பாதிவரை அவருக்குச் செல்லும். கடையிலே 10 டொலருக்கு விற்கும் ஒரு தட்டின் மொத்தவிலை 5 டொலர் எனவும், உரிமைத்தொகை 5 சதவீதம் எனவும் கொள்வோமாயின், ஓவியருக்குரியது 25 சதம்; முகவர் பாதியைப் பெறின் எஞ்சுவது பன்னிரண்டரைச் சதம். தட்டு விற்பனையாகாவிடின் அதுவுமில்லை.

மாக்ஸ் மூலதனத்தின் முதற் தொகுதியிலே துண்டுவீதக் கூலி பற்றிக் கூறியவை இங்கு நினைவுகூரத்தக்கன. அக்கூலிமுறையிலே தொழிலாளி தன் உழைப்புச் சக்தியையன்றி, முடிந்த பொருளையே விற்பதாக ஒரு தோற்றம் எழுகின்றது. மேற்பார்வையாளர் தேவைப்படுவதில்லை, தொழிலாளி தன்னலங்கருதித் தானே தன் உழைப்பை முடுக்கிக்கொள்கிறான். உரிம ஓவியரின் நிலை இதனினும் ஒருபடி அப்பாற்பட்டது. துண்டுவீதத் தொழிலாளிக்குத் துண்டு முடிந்ததும் கூலி உண்டு. உரிம ஓவியருக்கோ துண்டு விற்றபின்னரே கூலி உண்டு. சந்தையின் இடர் முழுவதும் அவர் தலையிலே சுமத்தப்படுகின்றது. அதேவேளை, பதிப்புரிமை அவர் பெயரிலேயே இருப்பதால், நிலத்தை வாடகைக்கு விடும் உடைமையாளர் போலவும் அவர் காட்சியளிக்கிறார். சட்டத்திலே உடைமையாளர், உற்பத்தியிலே துண்டுவீதத் தொழிலாளி என்னும் இவ்விரட்டைத் தன்மையே இத்துறையின் மைய முரண்பாடு.

அவர் ஒரு சுதந்திரமான சிறுவுற்பத்தியாளர் அல்லவா எனக் கேட்கப்படலாம். கருவிகள் அவருடையவை, நேரமும் அவருடையதே. ஆயின் எதை வரைவது என்பது யாருடைய தீர்மானம்? நத்தார்ப் படம் கடைக்கு வருவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னரே வரையப்பட்டுவிட வேண்டும். ஆகவே ஓவியர் முதுவேனில் வெயிலிலே பனியை வரைகிறார்; பனிக்காலத்திலே கடற்கரையை வரைகிறார். சன்னலுக்கு வெளியே நிற்கும் பருவம் அவருக்குப் பயன்படுவதில்லை. கொள்வனவு அட்டவணையின் பருவமே அவருடைய பருவம்.

வடிவத்தையும் இதுவே நிர்ணயிக்கின்றது. ஒரே படம் வட்டத் தட்டுக்கும் நீண்ட கொடிக்கும் சதுரக் கடதாசித் துடைப்பானுக்கும் பொருந்த வேண்டும். எனவே பறவை, இலைக்கொத்து, கரைச்சித்திரம், பின்னணி ஆகியவை தனித்தனியே வரையப்பட்டு, வேண்டியவாறு கூட்டவும் பிரிக்கவும் கூடியனவாக ஒப்படைக்கப்படுவது பெருவழக்கு. வாழ்த்துரைக்கென வெற்றிடம் விடப்படுகிறது. உறுப்புகள் ஒன்றையொன்று வேண்டிநிற்கும் முழுமையே கலைப்படைப்பின் இயல்பு என்பது அழகியலின் பழைய கோட்பாடு. இங்கே படைப்பு உதிரிப்பாகங்களின் களஞ்சியமாகின்றது. இதனை ஓவியரின் திறமைக்குறைவு எனக் கொள்ளுதல் தவறு. மிகுந்த கைத்திறனும் ஒழுங்கும் இல்லாதவர் இத்துறையில் நிலைக்க முடியாது. அத்திறன் எந்நோக்கத்துக்கு அமர்த்தப்படுகின்றது என்பதே கேள்வி.

3

இந்நிலைமை ஒரே நாளில் தோன்றியதன்று. 1840 இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால்முறை நடைமுறைக்கு வந்தது. அச்சீர்திருத்தத்திலே பங்குகொண்ட ஹென்றி கோல் 1843 இல் ஓவியர் ஜோன் கொல்கொற் ஹோர்ஸ்லியைக் கொண்டு ஒரு நத்தார் மடலை வரைவித்தார். ஏறத்தாழ ஆயிரம் படிகள் கல்லச்சிலே பதிக்கப்பட்டு, கையால் வண்ணமூட்டப்பட்டு, ஒரு ஷிலிங் விலைக்கு விற்கப்பட்டன. அம்மடலின் நடுவிலே ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுகின்றன. முதல் மடலிலே வர்க்க வேறுபாடு மறைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அறச்செயலாக மாற்றப்பட்ட வடிவிலேனும் ஏழை அங்கு நின்றான். பின்வந்த மடல்களிலே அவனுடைய இடத்தைப் பனியும் பறவையும் படிப்படியாகப் பெற்றுக்கொண்டன.

அமெரிக்காவிலே இதனைப் பெருந்தொழிலாக்கியவர் லூயி பிராங். பிரஷிய ஆட்சிக்குட்பட்ட பிரெஸ்லோ நகரிற் பிறந்து, 1848 ஆம் ஆண்டுப் புரட்சி அலையிலே ஈடுபட்டு, நாட்டைவிட்டு வெளியேறி, 1850 இல் அமெரிக்கா சேர்ந்தவர் அவர். பொஸ்ரனிலே வண்ணக் கல்லச்சை உயர்நிலைக்குக் கொண்டுசென்று, 1870களின் நடுப்பகுதியில் நத்தார் மடல்களை வெளியிடலானார். 1880 முதல் மடல் வடிவமைப்புக்குப் போட்டிகளை நடத்தி, முதற்பரிசாக 1,000 டொலர் வழங்கினார். 1881 இல் அப்பரிசைப் பெற்றவர் எலிஹு வெடர் என்னும் அக்காலத்தின் புகழ்பெற்ற ஓவியர். கலையை எளியோர் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் சனநாயக நோக்கமும் சந்தையை விரிக்கும் வணிக நோக்கமும் பிராங்கிடம் பிரிக்கமுடியாதவாறு கலந்திருந்தன.

அவரது அச்சுப்படங்களை மேட்டுக்குடியினர் எவ்வாறு நோக்கினர் என்பதற்கும் சான்றுண்டு. 1874 இலே த நேஷன் இதழின் ஆசிரியர் கொட்கின், மலிவான போலிப் பண்பாட்டைக் குறிக்க வண்ண அச்சு நாகரிகம் என்ற தொடரையே வசைச்சொல்லாக்கினார். இந்த இகழ்ச்சியின் வர்க்க அடிப்படை பற்றிப் பின்னர் கூறுவோம்.

பிராங்கின் காலத்திலே மடலுக்கான ஓவியம் உரிமையோடு சேர்ந்தே கைமாறியது. பொருளும் உரிமையும் பிரிவதற்கு நீண்டகாலம் சென்றது. புஷ்மன் என்னும் ஓவியர் 1930 இலே ஓர் ஓவியத்தை ஒரு பல்கலைக்கழகத்துக்கு விற்றார். பத்தாண்டுகளின் பின் அப்பல்கலைக்கழகம் அதன் அச்சுரிமையை ஓர் அச்சு நிறுவனத்துக்கு வழங்கியது. ஓவியர் வழக்குத் தொடுத்தார். நிபந்தனையின்றி ஓவியத்தை விற்றவர் படியெடுக்கும் உரிமையையும் விற்றவராவார் என நியூயோர்க் நீதிமன்றம் 1942 இலே தீர்ப்பளித்தது. 1978 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த 1976 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே நாடு முழுவதற்கும் இதனை மாற்றி, ஓவியப் பொருளின் உடைமையும் பதிப்புரிமையும் வெவ்வேறானவை எனத் தெளிவாக விதித்தது. இது ஓவியர்களுக்குக் கிடைத்த உண்மையான வெற்றி. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் ஓர் உரிமை தனிப்பண்டமாகப் பிரியும்போது, அதனைத் துண்டுதுண்டாக வாங்கும் சந்தையும் உடன்தோன்றுகின்றது. ஓவியரைக் காத்த சட்டமே உரிம வணிகத்தின் அடித்தளமுமாயிற்று.

4

இவ்வணிகத்திலே பெரிதும் விரும்பப்படும் ஊடகங்களுள் ஒன்று அக்கிரிலிக் வண்ணம். அதன் வரலாறு ஒரு முற்போக்கு வாசகருக்கு வியப்பளிப்பது. மெக்சிக்கோவின் சுவரோவியரும் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவருமான சிக்கெய்ரொஸ் 1936 இலே நியூயோர்க்கில் ஒரு சோதனைப் பட்டறையை நடத்தினார். மக்கள் கூடும் இடங்களிலே வெயிலையும் மழையையும் தாங்கிநிற்கும் ஓவியங்களுக்குத் தொழிற்சாலை வண்ணங்கள் வேண்டும் என்பது அவரது கொள்கை. மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வண்ணங்களை அங்கு பயன்படுத்தினர். மெக்சிக்கோ நகரிலே ஹொசே குற்றியெரெஸ் அத்தேடலைத் தொடர்ந்து செயற்கைப் பிசின் வண்ணங்களை ஆராய்ந்தார். 1950களின் நடுப்பகுதியிலே அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் நீரிற் கரையும் அக்கிரிலிக் வண்ணம் ஓவியர்களுக்கெனச் சந்தைக்கு வந்தது.

எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் செல்லும். அக்கிரிலிக் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். காரநெடி மிக்க கரைப்பான்கள் வேண்டியதில்லை. சமையலறை மேசையிலேயே வரையலாம். உலர்ந்த படையின்மேல் உடனே அடுத்த படையைப் பூசலாம். பிழையை மூடித் திருத்தலாம். மறுநாளே படியெடுத்து அனுப்பலாம். குழந்தையும் அடுப்பும் உள்ள வீட்டிலே, ஒரு குறித்த திகதிக்குள் பத்துப் படங்களை முடிக்க வேண்டிய ஒருவருக்கு இப்பண்புகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை விளக்க வேண்டியதில்லை. பொதுச்சுவருக்கெனத் தேடப்பட்ட பொருள், தனித்தனி வீட்டு மேசைகளிலே சந்தையின் காலக்கெடுவுக்கு இசைந்து பயன்படுகின்றது. வண்ணம் தானாக முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. எந்த உற்பத்தி உறவுக்குள் அது நிற்கின்றது என்பதே அதன் சமூகப் பயனைத் தீர்மானிக்கின்றது.

5

இனி ஓவியங்களின் உள்ளடக்கத்தை நோக்குவோம். மேலைநாட்டுப் பருவகால ஓவிய மரபின் சிகரம் எனக் கொள்ளத்தக்கவை பீற்றர் புறூகல் 1565 இலே அன்ற்வேர்ப் நகர வணிகர் ஒருவருக்காக வரைந்த பருவத் தொகுதி ஓவியங்கள். அவையும் செல்வர் ஒருவரின் வீட்டுச் சுவருக்கு வரையப்பட்டவையே; கலை சந்தைக்கு முற்றிலும் புறம்பாக நின்ற பொற்காலம் ஒன்றை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் அவற்றிலே அறுவடைக்காரர் களைத்து மரத்தடியிற் கிடக்கின்றனர். பனியில் வரும் வேட்டைக்காரர் ஒரே ஒரு நரியோடு தளர்ந்து திரும்புகின்றனர். பருவத்தின் அழகும் பருவத்தின் பாடும் ஒரே சட்டகத்துள் நிற்கின்றன. பனியில் வரும் அவ்வேட்டைக்காரர் இன்று நத்தார் மடல்களிலும் விற்பனையாகின்றனர் என்பது வேறு கதை.

இருபதாம் நூற்றாண்டிலே இம்மரபோடு ஒப்பிடத்தக்கவர் பாட்டி மோசஸ் என அறியப்பட்ட அனா மேரி றொபேட்சன் மோசஸ். 1860 இலே பிறந்த அவர் பன்னிரண்டாவது வயதிலேயே பிறர் வீடுகளிலே கூலிவேலைக்குச் சென்றவர். பின்னர் கமக்காரனின் மனைவியாக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். எழுபது வயதைக் கடந்தபின், மூட்டுவாதத்தினால் ஊசி பிடிப்பது கடினமானபோது, தையற்சித்திரத்தை விட்டு ஓவியத்துக்கு வந்தார். 1938 இலே ஹூசிக் போல்ஸ் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையிலே ஒரு சேகரிப்பாளரின் கண்ணிற்பட்டன அவரது படங்கள். 1940 இலே நியூயோர்க்கில் அவரது தனிக்கண்காட்சி நடைபெற்றது. 1946 முதல் அவரது படங்கள் நத்தார் மடல்களாயின. 1947 இலே ஹோல்மார்க் நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்றது. 1950 இலே அவரது பதிப்புரிமைகளை நிர்வகிக்கவென்றே தனிநிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. ஓவியரின் உரிம வணிகம் முழுவடிவம் பெற்ற தொடக்ககாலச் சான்றுகளுள் இது முக்கியமானது.

மோசஸின் ஓவியங்களிலே மேப்பிள் மரத்தின் பாகு காய்ச்சப்படுகிறது, ஆடை வெளுக்கப்படுகிறது, அப்பிள் கிண்டப்படுகிறது, பெண்கள் கூடிப் போர்வை தைக்கின்றனர். பருவம் அங்கு தொழிலின் பருவம். உழைத்தவர் வரைந்தார் என்பது ஒவ்வொரு உருவத்தின் வளைந்த முதுகிலும் தெரிகின்றது. அதேவேளை, அவர் காலத்துக் கமங்களிலே நின்ற உழவு இயந்திரங்களையும் தொலைபேசிக் கம்பங்களையும் அவர் வேண்டுமென்றே விலக்கினார். சஞ்சிகைகளிலும் மடல்களிலுமிருந்து வெட்டியெடுத்த உருவங்களையும் மாதிரியாகப் பயன்படுத்தினார். அச்சுப்படம் அவரது ஓவியத்துட் புகுந்தது. ஓவியம் மீண்டும் அச்சுப்படமாயிற்று. நாட்டுப்புறம் என்றுமே சற்று முந்திய தலைமுறையிலேதான் இனிமையாக இருந்தது என்னும் எண்ணம் எவ்வாறு காலந்தோறும் பின்னோக்கி நகர்கின்றது என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இலே ஆங்கில இலக்கியத்தை வைத்து விளக்கினார். மோசஸின் ஓவியத்துக்கும் அது பொருந்தும். எனினும் நினைவு கூரப்பட்ட உழைப்பாயினும் அது உழைப்பே.

அடுத்த கட்டம் தோமஸ் கின்கேட். 1958 இற் பிறந்து 2012 இல் மறைந்த இக்கலிபோர்னிய ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த குடிசைகளும் பனிக்காலத் தெருக்களும் உரிம வணிகத்தின் உச்சத்தைக் காட்டுகின்றன. 1990களிலே அவரது நிறுவனம் பங்குச்சந்தையிலே இடம்பெற்றது. அச்சிட்ட படிகளின்மேல், பயிற்றப்பட்ட ஊழியர் தூரிகையால் ஒளிப்புள்ளிகளை இட்டனர். அவ்வாறு தொட்ட படிக்கு விலை கூடியது. படத்திலோ பெரும்பாலும் மனிதரே இல்லை. எல்லாச் சன்னல்களிலும் விளக்கு எரிகிறது. விறகு வெட்டியவர் யார், பனியை அள்ளியவர் யார் என்பதற்கு அடையாளமில்லை. புறூகலிலே களைத்துக்கிடந்த உழைப்பு, மோசஸிலே நினைவாகி, கின்கேட்டிலே வெறும் ஒளியாக எஞ்சுகின்றது.

இம்மறைவு ஒரு தனி ஓவியரின் குணக்குறை அன்று. எந்த வீட்டுக்கும் எந்தப் பண்டத்துக்கும் பொருந்த வேண்டிய படம், எந்த நிலத்துக்கும் எந்த மனிதருக்கும் உரியதாக இருத்தல் கடினம். நிலம் நீங்கிய பொழுதே சந்தைக்கு ஏற்ற பொழுது. நமது நாட்டிலும் இதன் விளைவைக் காணலாம். மார்கழி யாழ்ப்பாணத்திலே மாரிக்காலம். காலபோக நெல் வயலிலே நிற்கும் காலம். எனினும் நத்தார் மடலிலே பனியே பொழிகின்றது. சவுக்கங்கிளையிலே பனிக்கெனப் பஞ்சு ஒட்டப்படுகின்றது.

மறைக்கப்படும் உழைப்பு இல்லாமற் போவதுமில்லை. உலகின் நத்தார் அலங்காரப் பொருள்களிற் பெரும்பங்கு சீனாவின் யீவூ நகரையும் அதன் சூழலையும் சேர்ந்த தொழிற்சாலைகளிலே செய்யப்படுகின்றது. அங்கும் பனிக்காலப் பண்டங்கள் கோடை வெயிலிலேதான் உருவாகின்றன. சமையலறை மேசையிலே கோடையிற் பனியை வரையும் பெண்ணையும், கோடையில் அப்பனியைப் பண்டத்திற் பதிக்கும் தொழிலாளியையும் ஒரே அட்டவணை ஆள்கின்றது. அவ்விருவரையும் இணைக்கும் பண்டத்தின் மேலுள்ள படத்திலே இருவருமே இல்லை.

6

இவற்றை வாங்குவோர் பற்றி என்ன கூறலாம்? இரு விடைகள் வழக்கிலுள்ளன. கொட்கின் முதல், 1939 இலே மலிவுக்கலை பற்றி எழுதிய கிளெமென்ற் கிறீன்பேர்க் வரை ஒரு சாரார் இவ்வகைப் படங்களைப் போலி எனத் தள்ளினர். கிறீன்பேர்க்கிடம் அன்று முதலாளித்துவ எதிர்ப்பும் இருந்தது. எனினும் அவரது கட்டுரையைப் பின்பற்றியோரிடம் எஞ்சியது பெரும்பாலும் இகழ்ச்சி மட்டுமே. மக்கள் விரும்புகின்றனர், ஆகவே இது மக்கள் கலை என்பது மற்றொரு சாராரின் வாதம். முன்னது மக்களின் தேவையை மறுக்கின்றது. பின்னது அத்தேவையைச் சந்தை நிறைவேற்றும் முறையை மறைக்கின்றது.

ஒளி நிறைந்த சன்னலை விரும்புதல் இழிவன்று. வாடகை வீட்டிலே வாழ்பவருக்கும், தொலைநகரிலே வேலைசெய்யும் பிள்ளைகளை ஆண்டிற்கு ஒருமுறை காண்பவருக்கும் வீடு, அடுப்பு, கூடியிருத்தல் என்பவை மெய்யான ஏக்கங்கள். சமயம் பற்றி மாக்ஸ் கூறியது இங்கும் பொருந்தும்: துன்பம் மெய்யானது, அதற்கு வழங்கப்படும் ஆறுதலின் வடிவமே ஆராயப்பட வேண்டியது. இவ்வேக்கத்தை உருவாக்கும் வாழ்க்கை நிலைமைகளை விட்டுவிட்டு, அதனைத் தட்டிலே வரைந்து விற்பதைத்தான் நாம் குறைகூறுகிறோம்.

ஓவியரையும் இவ்வாறே நோக்க வேண்டும். மில்ரன் தன் காவியத்தை இயற்றியது பட்டுப்புழு பட்டு நூற்பது போன்ற இயல்பான செயல் எனவும், பதிப்பாளரின் கட்டளைப்படி நூல்களை ஆக்கும் எழுத்தாளன் மூலதனத்துக்குக் கீழ்ப்பட்ட தொழிலாளி எனவும் மாக்ஸ் வேறுபடுத்தினார். உரிம ஓவியர் இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்கிறார். தனக்கென வரைவதாக எண்ணுகிறார். கட்டளையோ வெளியே உள்ளது. அவரைச் சந்தைக்கு விலைபோனவர் என ஏசுவது எளிது. ஆனால் பல்கலைக்கழகச் சம்பளமோ செல்வரின் ஆதரவோ இல்லாத ஒருவர், தூரிகையால் வாழ முயல்வதற்கு அச்சமூகம் திறந்துவைத்துள்ள வாயில்கள் எத்தனை என்பதையும் ஏசுபவர் கூற வேண்டும்.

எனவே இத்துறை பற்றிய மதிப்பீடு ஓவியத்தின் இனிமையையோ விற்பனையையோ அளவுகோலாகக் கொள்ளலாகாது. படத்திலே பருவம் யாருடைய உழைப்பின் பருவமாகத் தோன்றுகின்றது என்பதும், அதை வரைந்தவருக்குப் பொருளைத் தெரியும் உரிமையும் இடரிற் பங்குகொள்ளும் துணையும் எவ்வளவு உண்டு என்பதும் அளவுகோல்களாக வேண்டும். பதிப்புரிமை ஓவியருக்கு உடைமையைத் தந்தது. கூட்டாகப் பேரம்பேசும் வலிமையைத் தரவில்லை. அவ்வலிமை அமைப்பாகத் திரள்வதால் மட்டுமே வரும். அது வரும்வரை பனியும் பூவும் அறுவடையும் ஆண்டுதோறும் அட்டவணைப்படி வரையப்பட்டுக்கொண்டிருக்கும். அவற்றைத் தம் வாழ்விலே உண்மையாக அனுபவிப்பவர், வரைபவர், பதிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே இருப்பர். அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவது முற்போக்குத் திறனாய்வின் பணிகளுள் ஒன்று.